ஸ்டார்லெட்டா, பலேனோவா? ஒரே வண்டிக்கு இரண்டு கொட்டேஷன்

அக்கா மகள் ஒரு நாள் இரண்டு கொட்டேஷனை என் கடை மேசைமேல் விரித்து வைத்தாள். ஒன்று டொயோட்டா ஸ்டார்லெட், இன்னொன்று சுசூகி பலேனோ. "மாமா, ரெண்டுல எது நல்ல வண்டி?" என்று கேட்டாள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம், பத்தொன்பது வருடமாக மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஆயில் ஃபில்டர், பிரேக் பேடு, ஸ்பார்க் பிளக் என்று இந்த இரண்டு வண்டிக்கும் நாள் தவறாமல் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். இரண்டுக்கும் ஒரே தட்டிலிருந்துதான் கை போகும். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிருக்கலாம். சொன்னது பொய்யாகவும் இருந்திருக்காது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு போய் அவள் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவாள்? அவள் நர்ஸ். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலை, பாதி நாள் இரவு டியூட்டி. இது அவள் வாங்கப்போகும் முதல் புது வண்டி, ஆறு வருடத் தவணை. அன்று கடை சாத்தியபின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் போட்ட கணக்குதான் இது. இதே இரண்டு வண்டிக்கு நடுவில் நிற்கிற குடும்பங்கள் இங்கே நிறைய இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், ஒரே வண்டிக்கு எப்படி இரண்டு பெயர் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டொயோட்டாவும் சுசூகியும் 2017 பிப்ரவரியில் கூட்டுறவுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. டொயோட்டாவிடம் ஹைப்ரிட் நுட்பம் இருந்தது. சுசூகியிடம், இந்தியாவில் சின்ன வண்டியைச் சிக்கனமாகக் கட்டும் கைப்பழக்கம் இருந்தது. இவருக்கு இல்லாதது அவரிடம். 2019-இல் இந்தியாவில் பலேனோ டொயோட்டா கிளான்சா என்ற பெயரில் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில், பலேனோ, விட்டாரா பிரெஸ்ஸா, சியாஸ், எர்டிகா ஆகிய நான்கையும் ஆப்பிரிக்கச் சந்தைக்காக டொயோட்டாவுக்குச் சுசூகி தரும் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் சுசூகியின் 4.94 சதவீதப் பங்கை வாங்கிக்கொள்வதாக டொயோட்டா சொன்னது. அந்த ஏற்பாட்டில்தான் 2020 செப்டம்பரில் ஸ்டார்லெட் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, டொயோட்டாவின் பழைய சின்ன வண்டி எட்டியோஸ் இருந்த இடத்தில் உட்கார்ந்தது.

ஸ்டார்லெட் என்பது புதுப் பெயர் அல்ல. 1973 முதல் 1999 வரை டொயோட்டா தானே கட்டிய சின்னக் காரின் பெயர் அது. பழைய பெயரைப் புது வண்டிக்கு வைத்தார்கள். பின்னால் வந்த ரூமியன் சுசூகியின் எர்டிகா. இப்போது ஓடுகிற விட்ஸ் சுசூகியின் செலேரியோ. ஆகவே நான் இங்கே போடுகிற கணக்கை அந்த ஜோடிகளுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

2020-இல் வந்த ஸ்டார்லெட்டில் இருந்தது 1.4 லிட்டர் எஞ்சின். 68 கிலோவாட், 130 நியூட்டன் மீட்டர். 2022-இல் பலேனோ புது உருவம் எடுத்தபோது ஸ்டார்லெட்டும் கூடவே மாறியது. இப்போது இரண்டிலும் 1,462 சிசி எஞ்சின், 77 கிலோவாட், 138 நியூட்டன் மீட்டர். மேனுவலில் ஐந்து கியர், ஆட்டோமேட்டிக்கில் நாலு. நீளம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். டர்போவும் இல்லை. பானெட்டைத் திறந்தால் மெக்கானிக்குக்குப் புரியாத பொருள் எதுவும் உள்ளே இருக்காது. இரண்டும் இந்தியாவில் கட்டப்பட்டுக் கப்பலில் வருகின்றன. முன் பம்பர், கிரில், சக்கர வடிவம், ஸ்டியரிங் நடுவில் உள்ள சின்னம் ஆகியவைதான் வேறு.

என் வயதுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிரிட்டோரியாவின் சில்வர்டன் தொழிற்சாலையில் சாம்கோர் நிறுவனம் ஒரே வண்டியை மாஸ்டா 323 என்றும் ஃபோர்டு லேசர் என்றும் கட்டி விற்றது. எங்கள் அப்பாவிடம் லேசர். எதிர்வீட்டு மாமாவிடம் 323. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை இன்னொருவர் வண்டியில் போட்டுச் சோதிப்பார்கள். இரண்டும் ஸ்டார்ட் ஆகும். ஆனாலும் "மாஸ்டா எஞ்சினே தனி" என்று மாமா சொல்வார், அப்பா விட்டுக்கொடுக்க மாட்டார். பெயர்மேல் மனிதருக்கு இருக்கும் பற்று அப்படி. அந்தப் பற்றை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கும் ஒரு விலை இருக்கிறது, கீழே அந்தக் கணக்கும் வரும்.

அத்தான் சொன்னது

அக்கா வீட்டில் இந்தப் பேச்சு வந்ததும் அத்தான் சொன்னது ஒரே வார்த்தை: "டொயோட்டா." அவர் டொயோட்டாவின் புரொஸ்பெக்டன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அந்தக் கம்பெனி போட்ட சோத்துலதான் நீ படிச்சே" என்றார் மகளிடம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் ஸ்டார்லெட் கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

நான் அவரோடு தனியாக உட்கார்ந்து பேசினேன். டர்பனின் தெற்கில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில் வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்கவைத்தன என்பது எனக்குத் தெரியாததல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த இடம் மூழ்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வீணாகி, மாதக்கணக்கில் உற்பத்தி நின்றபோது எங்கள் தெருவே வாடியது. ஆனால் அங்கே கட்டுவது ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், ஹையேஸ் டாக்சி வேன், கொரோல்லா கிராஸ். ஸ்டார்லெட் அந்தக் கதவு வழியாக வெளியே வருவதில்லை. சுசூகி இந்தியாவில் கட்டி அனுப்புவதை டொயோட்டா விற்கிறது. "உள்ளூர்க்காரன் கைக்கு வேலை கிடைக்கணும் என்பதுதான் உங்க எண்ணம்னா அத்தான், இந்த விலையில கேட்கவேண்டியது ஃபோக்ஸ்வேகன் போலோ விவோ. அதுதான் கரீகாவில, நம்ம நாட்டுத் தொழிலாளி கையால கட்டுறது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா டொயோட்டா டீலர்கிட்ட போனா மரியாதையா பார்ப்பான்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த ஒப்பீட்டில் உண்மையாக எடைபோட வேண்டியதும் அதைத்தான். இரும்பு ஒன்றேதான். அந்த இரும்புக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், எவ்வளவு காலம், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தூரத்தில்?

விவோவை நாங்கள் பார்க்காமல் இல்லை. நல்ல கட்டுமானம், ஓட்ட உறுதியாக இருக்கும். ஆனால் அவளுடைய பட்ஜெட்டில் வந்த ரகத்தில் ஏர்பேக்கும் இதர வசதிகளும் அவள் கேட்ட அளவு இல்லை. அதனால் அங்கேயே விட்டோம்.

வாரண்டி: கிலோமீட்டரை முதலில் எண்ணுங்கள்

அவள் கையிலிருந்த ஸ்டார்லெட் கொட்டேஷனில் எழுதியிருந்தது: மூன்று வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் வாரண்டி. மூன்று சர்வீஸ் அல்லது 45,000 கிலோமீட்டருக்குச் சர்வீஸ் பிளான். பலேனோ கொட்டேஷனில்: ஐந்து வருடம் அல்லது 2,00,000 கிலோமீட்டர் மெக்கானிக்கல் வாரண்டி. நாலு வருடம் அல்லது 60,000 கிலோமீட்டருக்குச் சர்வீஸ் பிளான்.

தாளில் பார்க்கும்போது சுசூகிக்காரர் தாராளமாகத் தெரிகிறார். ஆனால் இந்த எண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அவளுடைய ஓட்டத்தை எண்ணினோம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போய்வர 150 கிலோமீட்டர். மாதம் பதினைந்து டியூட்டி. கோயில், கடை, அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் சேர்த்து மாதம் 2,400 வரும். வருடத்துக்கு 28,800.

அப்படி ஓடினால் ஸ்டார்லெட்டின் சர்வீஸ் பிளான் பத்தொன்பதாவது மாதத்தில் தீரும். பலேனோவுடையது இருபத்தைந்தாவது மாதத்தில். "நாலு வருடம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது அவளுக்குப் பயன்படாது, ஏனென்றால் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு, அவளுக்குக் கிலோமீட்டர் முந்திக்கொள்ளும். ஆக, சர்வீஸ் பிளானில் இருக்கிற வித்தியாசம் ஒரே ஒரு சர்வீஸ். அதற்காக யாரும் வண்டியை மாற்ற வேண்டாம்.

வாரண்டி அப்படியல்ல. ஸ்டார்லெட் மூன்று வருடம் முடியும்போது 86,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். இந்தத் தடவை வருடம் முந்திக்கொள்கிறது. கடனில் பாதி பாக்கி நிற்கும்போது வாரண்டி போய்விடும். பலேனோவில் ஐந்து வருடம் முடியும்போது 1,44,000. அங்கும் வருடம்தான் முந்துகிறது, ஆனால் அதற்குள் தவணையில் ஒரு வருடம்தான் மிச்சம் இருக்கும். கியர்பாக்ஸோ ஏசி கம்ப்ரஸரோ நாலாவது வருடத்தில் போனால் ஒரு நர்ஸ் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய அடி என்று என் கடைக்கு வருகிறவர்கள் முகத்தில் தினமும் பார்க்கிறேன். எனக்கு இந்த ஒரு வரிதான் தராசைச் சாய்த்தது.

இரண்டு எச்சரிக்கை. டொயோட்டாவிலும் பணம் கட்டி வாரண்டியையும் சர்வீஸ் பிளானையும் நீட்டிக்கலாம். ஆகவே அந்த நீட்டிப்பின் விலையைக் கேட்டு வாங்கி ஸ்டார்லெட் விலையோடு கூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். சுசூகியின் நீண்ட வாரண்டிக்கு முன்னால் "ப்ரமோஷனல்" என்று ஒரு சொல் வரும். சலுகையாகத் தருவது என்று பொருள். நீங்கள் வாங்கும் நாளில், உங்கள் பெயருள்ள தாளில், ஐந்து வருடம் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைக்காரர் வாயால் சொன்னது போதாது.

சர்வீஸ் பிளான் என்றால் எல்லாம் அதில் அடக்கம் என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். அது குறித்த கால சர்வீஸுக்கு மட்டும். எண்ணெய், ஃபில்டர், பிளக் போன்றவை வரும். பிரேக் பேடு, கிளட்ச், வைப்பர், டயர் உங்கள் பையிலிருந்துதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மலைச்சாலையில் தினமும் ஏறி இறங்கும் வண்டிக்குப் பிரேக் பேடு சீக்கிரமே தேயும். அதற்கு மாதம் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னேன்.

பிளான் முடிந்தபின் நம்ம ஊர் மெக்கானிக்கிடம் போகலாமா என்று அவள் கேட்டாள். வாரண்டி இருக்கும்போதே போகலாம். 2021 ஜூலை 1 முதல் நம் நாட்டின் போட்டி ஆணையம் வகுத்த வழிகாட்டு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது. சர்வீஸ் பிளானையும் வண்டி விலையையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், பிளான் வேண்டாமென்றால் விட்டுவிட்டு வாங்கலாம். ஆனால் வெளியே செய்த வேலையால் ஒரு பாகம் கெட்டுப்போனால் அதை வாரண்டியில் கேட்க முடியாது. ரசீது, எண்ணெய் தரம், தேதி, கிலோமீட்டர் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்க வேண்டும். என் கடைக்கு வந்த ஒருவர் மூன்று சர்வீஸ் ரசீதைத் தொலைத்துவிட்டு ஒரு டீலரிடம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன்.

உதிரிபாகத்தைப் பொறுத்தவரை இன்னொன்று. சர்வீஸ் சாமான்கள் ஒன்றே என்றாலும், டொயோட்டா பெட்டியில் வருவதற்கும் சுசூகி பெட்டியில் வருவதற்கும் விலை ஒன்றாக இருக்காது. சில சாமான் இங்கே குறைவு, சில அங்கே. இரண்டு கவுன்டரிலும் விலை கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மோதலில் உடைகிற முன்பக்கச் சாமான் மட்டும் மாற்றிப் போட முடியாது. புது ஸ்டார்லெட்டுக்குப் பலேனோ பம்பர் மலிவாகக் கிடைத்தது என்று ஒருவர் வாங்கிப்போய், கிரில் உட்காராமல் திரும்பக் கொண்டுவந்தார். தெருவில் ஸ்டார்லெட் அதிகம் ஓடுவதால் அதன் பம்பரும் விளக்கும் வெளிச்சந்தையில் சுலபமாகக் கிடைக்கின்றன. அது ஸ்டார்லெட் பக்கம் ஒரு புள்ளி.

பெயருக்கு உள்ள விலை

ஸ்டார்லெட் பக்கம் உள்ள பெரிய புள்ளி, விற்கும்போது. டொயோட்டா சின்னம் இருந்தால் நம் ஊரில் வண்டி நிற்பதில்லை. பலேனோவும் விற்கும், ஆனால் வாங்க வருகிறவர் பேரம் பேசுவார். எவ்வளவு வித்தியாசம் என்று என் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. பழைய வண்டி விளம்பரங்களில் ஒரே ஆண்டு, ஒரே கிலோமீட்டர், ஒரே கியர்பாக்ஸ் உள்ள ஸ்டார்லெட் பத்து, பலேனோ பத்து எடுத்து விலையை எழுதிப் பாருங்கள். அவளும் நானும் ஒரு சாயங்காலம் அதைச் செய்தோம்.

வண்டியை மூன்று நாலு வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவருக்கு ஸ்டார்லெட் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் கூடக் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பி வந்துவிடும். மூன்று வருட வாரண்டியும் அவருக்குப் போதும். பெரிய ஊரை விட்டுத் தள்ளி, கரும்புத் தோட்டப் பக்கத்திலோ உள்நாட்டுச் சிற்றூரிலோ இருப்பவருக்கும் அப்படியே. டொயோட்டா டீலர் சின்ன ஊர்களிலும் இருப்பார். சர்வீஸுக்காக நூறு கிலோமீட்டர் போய் ஒரு நாள் சம்பளத்தை இழப்பதைவிட அந்தப் பெயருக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது மேல். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இரண்டு பேருக்கும் டீலர் உண்டு, எனவே அவளுக்கு இது பொருட்டல்ல.

அவள் வண்டியை வைத்துக்கொள்ளப் போவது எட்டு வருடமாவது. இங்கே ஒரு மிதமான வண்டி பாட்டியிடமிருந்து பேத்தி கைக்கு வரும் வரைக்கும் ஓடும். எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய டொயோட்டா டாஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டாவது வருடத்தில், இரண்டே கால் லட்சம் கிலோமீட்டர் தாண்டியபின், சின்னத்துக்காகக் கிடைக்கிற கூடுதல் பணம் மிகக் கொஞ்சம்.

அவளுடைய இரண்டு கொட்டேஷனிலும் சமமான ரகத்துக்கு ஸ்டார்லெட் 15,000 ராண்ட் அதிகம். 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டு 72 மாதத் தவணையில் போட்டால் மாதம் 285 ராண்ட், கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 20,500. உங்கள் கொட்டேஷனில் இந்த வித்தியாசம் கூடலாம், குறையலாம், இல்லாமலும் போகலாம். ஒரு மாதம் அந்தப் பக்கம் தள்ளுபடி, அடுத்த மாதம் இந்தப் பக்கம். அதனால் இரண்டு கொட்டேஷனையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். விலைக்குக் கீழே "டெலிவரி", "ஆன் த ரோடு" என்று சேர்க்கிற வரிகளையும் கூட்டிப் பாருங்கள்.

ஒரு டீலரின் கடன் மேசையில் அவளுக்கு பலூன் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதத் தவணை சட்டென்று குறையும், மேல் ரக வண்டியே வாங்கலாம் என்று. விலையில் 30 சதவீதத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பதுதான் அது. 2,80,000 ராண்ட் வண்டிக்கு 84,000 ராண்ட் ஆறு வருடம் கழித்து மொத்தமாக நிற்கும். அந்த ஆறு வருடமும் அந்தத் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். "வேண்டாம்மா, அது மட்டும் வேண்டாம்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். பலூன் கட்ட முடியாமல் ஓடுகிற வண்டியை விட்டுக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு வண்டிக்கும் இது பொருந்தும்.

பழைய 1.4 ஸ்டார்லெட்

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. 2021 மாடல் ஸ்டார்லெட், ஒரு வண்டிச் சந்தையில், புதுசைவிட நல்ல குறைந்த விலையில். அத்தானுக்கு இது பிடித்திருந்தது, கடன் பாரம் பாதியாகும் என்று. 1.4 எஞ்சினும் குறை சொல்ல முடியாதது.

நான் மறுத்த காரணம் ஒன்றுதான். அந்த ஸ்டார்லெட் முதல் தலைமுறை பலேனோ. இந்தியாவில் கட்டப்பட்ட, இரண்டு ஏர்பேக் உள்ள அந்தப் பலேனோவை 2021-இல் லத்தீன் அமெரிக்க வண்டிகளைச் சோதிக்கும் லத்தீன் என்கேப் அமைப்பு மோதல் சோதனையில் வைத்தபோது பூஜ்ய நட்சத்திரம்தான் கிடைத்தது. பக்கவாட்டு மோதலில் தலையைக் காக்க அதில் எதுவும் இல்லை என்பது முக்கியமான குறை. அவர்களுடைய மதிப்பெண் முறை கடுமையானது, உண்மை. இருந்தாலும், விடியற்காலை இருட்டில், லாரிகளுக்கு நடுவே, என்3 சாலையில் தூக்கக் கண்ணோடு திரும்பிவரும் பெண்ணுக்கு அந்த வண்டியை வாங்கிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாட்ஸ்வர்த்துக்குள்ளேயே சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டுகிற பெரியவர்களுக்கு என்றால் வேறு பேச்சு.

பழையதுதான் வாங்குவேன் என்பவர்கள் இதையாவது பாருங்கள். பதிவுத் தாளில் கோட் 2 என்றால் பழைய வண்டி, கோட் 3 என்றால் நொறுங்கிக் கட்டி எழுப்பியது, அதைத் தொட வேண்டாம். 2022 ஏப்ரலுக்கு முன்பே டர்பனில் ஓடிக்கொண்டிருந்த வண்டி என்றால் பூட் கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் வீல் குழியில் வண்டலும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் வெள்ளத்தண்ணீர்க் கறை தெரியும். வாடகை ஓட்டத்தில் இருந்த வண்டியில் பின்சீட்டும் பின்கதவுக் கைப்பிடியும் முன்பக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். டீலரிடம் வாங்கினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பவோ சரிசெய்யச் சொல்லவோ உரிமை உண்டு. விற்பதைத் தொழிலாகச் செய்யாத தனிமனிதரிடம் "ஃபுட்ஸ்டூட்ஸ்", அதாவது இருக்கிற நிலையில் அப்படியே, என்று எழுதிக்கொடுத்து வாங்கினால் அந்தப் பிடி கிடையாது.

எந்த ரகம்

பலேனோதான் என்று நான் சொன்னதும் வேலை முடியவில்லை. அவள் கேட்ட சமயம் கீழ் ரகத்தில் ஏர்பேக் இரண்டு, மேல் ரகத்தில் ஆறு. ஸ்டார்லெட்டிலும் அப்போது இதே கதை, மேல் ரகமான எக்ஸ்ஆர் வரைக்கும் ஏறினால்தான் ஆறு. இந்தக் குறையை நான் இரண்டு பேர்மேலும் வைக்கிறேன். ஒரே கூடத்தில் கட்டுகிற ஒரே வண்டியில், பணம் குறைவாக உள்ளவர் தலைக்கு மட்டும் காப்புக் குறைவு என்பது எனக்குச் சம்மதமில்லை. அவளுக்கு மேல் ரகமான ஜிஎல்எக்ஸ்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கேமரா, பெரிய திரை எல்லாம் கூடவே வரும், அதற்காக அல்ல.

அதற்கு வேண்டிய பணத்தை ஆட்டோமேட்டிக்கை விட்டுக்கொடுத்துத்தான் ஓரளவு எடுக்க முடிந்தது. இங்கே அவளுக்கும் எனக்கும் சண்டை. "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து ஹிக்கின்சன் ஹைவே நெரிசல்ல கிளட்ச் மிதிக்கணுமா மாமா?" என்றாள். அவள் கேட்பதில் தப்பே இல்லை. இரண்டு ஆட்டோமேட்டிக்கையும் அவளே ஓட்டிப் பார்க்கட்டும் என்று கூட்டிப்போனேன். என்3-இல் கீ ரிட்ஜ் ஏற்றத்தில் நாலு கியர் பெட்டி கீழிறங்கி, எஞ்சின் இரைச்சல் போட்டு, வேகம் மட்டும் கூடாமல் நின்றது. ஸ்டார்லெட்டிலும் அதேதான், பலேனோவிலும் அதேதான். பிறகு மேனுவலில் அதே ஏற்றத்தை நாலாவது கியரில் அமைதியாக ஏறினாள். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவராக இருந்தால் நான் ஆட்டோமேட்டிக்கே சொல்லியிருப்பேன். அவள் ஓட்டத்தில் முக்கால்வாசி அந்த மலைச்சாலை. ஜோஹன்னஸ்பர்க் போன்ற உயரமான ஊரில், காற்று மெலிந்த இடத்தில், டர்போ இல்லாத எஞ்சின் இன்னும் சோரும். அங்கே உள்ளவர்களும் முடிந்தால் மேனுவல் பக்கமே நில்லுங்கள்.

எரிபொருளைப் பற்றி எல்லாரும் முதலில் கேட்பார்கள். மேனுவலுக்கு நூறு கிலோமீட்டருக்கு 5.4 லிட்டர் என்று தாளில் இருக்கும். ஏற்ற இறக்கத்தில் ஆறுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒன்றே.

காப்பீட்டுக்கு அவள் ஒரே நாளில் நாலு இடத்தில் இரண்டு வண்டிக்கும் விலை கேட்டாள். ஓரிடத்தில் டிராக்கர் பொருத்தியே ஆகவேண்டும் என்றார்கள். வயது, முகவரி, இரவில் வண்டி நிற்கும் இடம் ஆகியவற்றை வைத்துத்தான் தொகை ஏறி இறங்கியது, சின்னத்தால் பெரிய வித்தியாசம் வரவில்லை. இதையும் கையெழுத்துக்கு முன்பே செய்யுங்கள்.

கடைசியில் பலேனோ ஜிஎல்எக்ஸ் மேனுவல், பலூன் இல்லாமல், கொஞ்சம் முன்பணத்தோடு. அவளுக்குப் பிடித்த சிவப்பு. ஆஸ்பத்திரியில் அவளை டர்பனுக்கே மாற்றினால் ஓட்டம் பாதியாகக் குறையும், அப்போதும் ஐந்து வருட வாரண்டி அவளுக்கே லாபம். வடக்கே ஒரு சிற்றூருக்கு மாற்றியிருந்தால் நான் ஸ்டார்லெட் என்றிருப்பேன்.

அத்தானிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் பலேனோ கொட்டேஷனை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "வண்டி எடுக்கிற அன்னைக்கு நான் வர்றேன்" என்றார். வந்து, விற்பனைக்காரர் பூ வைத்த சாவியை நீட்டிக்கொண்டே இருக்க, இருபத்தாறு வருடம் லைனில் நின்ற மனிதர் கதவு இடைவெளியையெல்லாம் விரலால் தடவிப் பார்த்து, ஸ்பேர் வீல், இரண்டாவது சாவி, வாரண்டித் தாளில் ஐந்து வருடம் என்ற எழுத்து எல்லாவற்றையும் சரிபார்த்தபின்தான் மகளைக் கையெழுத்துப் போட விட்டார். அங்கிருந்து நேராக இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில். போகிற வழியில் புரொஸ்பெக்டன் வந்தது. அத்தான் முன்சீட்டில் இருந்தார். "இந்தக் கேட்டுதான், காலைல ஆறு மணிக்கு" என்று மகளுக்குக் காட்டினார். அவள் வண்டியை மெதுவாக ஓட்டினாள். கோயிலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது அவர்தான்.